கண்ணுக்கு அழகாகத் தெரியும் வரிசை, படத்தில் ஏன் தட்டையாகிவிடுகிறது?

காவேரிப்பட்டணம் ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். நான் காவேரிப்பட்டணத்துக்கு அருகே ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். சென்ற ஆண்டு ஒரு சிறிய கேமராவும் அதனுடன் வந்த 18-55 மி.மீ. லென்ஸும் வாங்கினேன். அதற்கு முன்பு கைப்பேசியில்தான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு மனிதர்களைப் படம் எடுப்பதைவிட வரிசைகளை எடுப்பதில்தான் விருப்பம் அதிகம். பேருந்தில் கிருஷ்ணகிரிக்குப் போகும்போது சாலையின் இருபுறமும் மாந்தோப்புகள் வருகின்றன. பேருந்து நகர நகர மரங்களுக்கு நடுவே ஒரு நீண்ட பாதை திறந்து மூடுவதும், அடுத்த பாதை திறப்பதும் எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிக்கவில்லை. ராயக்கோட்டைப் பக்கம் தக்காளித் தோட்டங்களில் நட்டிருக்கும் குச்சிகள், பள்ளிக்குப் பின்னால் உள்ள வயலின் கல்லுக்கால் வேலி, ஒகேனக்கல்லில் கரையில் கவிழ்த்து வைத்திருக்கும் பரிசல்கள் என்று எங்கே போனாலும் ஒன்றுபோல் மீண்டும் மீண்டும் வருபவைதான் என் கண்ணில் முதலில் படுகின்றன.

ஆனால் வீட்டுக்கு வந்து படங்களைப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கிறது. மாந்தோப்பின் படத்தில் ஏராளமான மரங்கள் இருக்கின்றன, வரிசை இல்லை. பச்சையும் பழுப்பும் கலந்த ஒரு கும்பலாகத் தெரிகிறது. தக்காளித் தோட்டத்தில் நான் நின்று பார்த்தபோது விரல் விரித்தாற்போல் பிரிந்து சென்ற பார்கள் (செடி நட்ட மண்மேடுகள்) படத்தில் ஒரே இலைப்பரப்பாக ஒட்டிக்கொண்டுவிட்டன. வேலியின் படம் மட்டும் பரவாயில்லை என்று சொல்லலாம். அதிலும் முதல் கல் மிகப் பெரிதாகவும் மற்றவை சட்டென்று சிறுத்தும் போய்விட்டன. நான்கு படங்களை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இதற்கு லென்ஸ் மாற்ற வேண்டுமா, அல்லது நான் செய்வதில் பிழையா? எந்த நேரத்தில் எடுத்தால் வரிசை நன்றாக எழும்பி வரும்? இயற்கையில் சிறிய அளவில் இருக்கும் வரிசைகளை, இலை, விதை, பூச்சி போன்றவற்றை, இதே லென்ஸைக் கொண்டு எடுக்க முடியுமா? தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பழைய ஸ்டுடியோக்காரர், பாலக்கோடு:

அம்மா, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். நான்கு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். அவற்றில் கூர்மைக் குறைவோ வெளிச்சக் குறைவோ இல்லை, ஆகவே லென்ஸ் மாற்ற வேண்டிய தேவையும் இல்லை. நான் பார்த்தவரை நான்கிலும் ஒரே குறைதான் இருக்கிறது. நீங்கள் மரத்தைப் பார்த்து எடுத்திருக்கிறீர்கள். மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே இருக்கும் வெற்றிடத்தைப் பார்க்கவில்லை.

பேருந்தில் போகும்போது வரிசை தெளிவாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. நீங்கள் நகரும்போது அருகில் உள்ள மரம் வேகமாகவும் தொலைவில் உள்ள மரம் மெதுவாகவும் பின்னோக்கிச் செல்கின்றன. அந்த வேக வேறுபாட்டை வைத்தே எது முன்னால், எது பின்னால் என்று கண் பிரித்துக்கொள்கிறது. நின்று பார்த்தாலும் இரண்டு கண்கள் இருப்பதால் அருகில் உள்ள மரங்களையேனும் பிரித்தறிய முடிகிறது. கேமராவுக்கு அசைவும் இல்லை, இரண்டாவது கண்ணும் இல்லை. ஆகவே ஒரு மரத்தின் உருவம் அடுத்ததன்மேல் விழாமல், நடுவே கொஞ்சம் வானமோ தரையோ தெரியும்படி நாம் நின்றால் ஒழிய, அது எல்லாவற்றையும் ஒன்றாக அப்பிவிடும்.

உங்கள் மாந்தோப்பையே எடுத்துக்கொள்வோம். நம் பக்கத்துப் பழைய தோப்புகளில் மரத்துக்கு மரம் 10 மீட்டர் இடைவெளி விட்டுச் சதுரமாக நட்டிருப்பதை அதிகம் பார்க்கலாம். ஏக்கருக்கு 40 மரம் என்று சொல்வது அந்தக் கணக்குதான். சதுர நடவில் நேர்வரிசை மட்டும் இருப்பதாக நினைக்க வேண்டாம். மூலைவாட்டில் பார்த்தாலும் அங்கே ஒரு வரிசை உண்டு. ஆனால் அதன் தாளம் வேறு. நேராகப் பார்த்தால் மரத்துக்கு மரம் 10 மீட்டர், பாதையின் அகலமும் 10 மீட்டர். மூலைவாட்டில் பார்த்தால் மரத்துக்கு மரம் 14 மீட்டருக்குச் சற்று மேல், பாதையின் அகலம் 7 மீட்டராகச் சுருங்குகிறது. மரங்கள் அகன்று நிற்கும், பாதை குறுகியிருக்கும். பேருந்திலிருந்து நீங்கள் பார்த்துத் திறந்து மூடியதாகச் சொல்லும் பாதைகளில் பல இந்த மூலைவாட்டுப் பாதைகளாக இருக்கலாம்.

இப்போது நிற்கும் இடத்துக்கு வருகிறேன். பாதையின் சரிநடுவில் நின்றால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் அமையும். அது அமைதியான படம், தவறில்லை, ஆனால் எல்லோரும் எடுப்பது. மரங்களின் நேர்கோட்டிலேயே நின்றால் முதல் மரம் மற்ற அத்தனையையும் மறைத்துவிடும். அந்தக் கோட்டிலிருந்து ஒரு பக்கமாக அரை அடி அரை அடியாக நகருங்கள். முதல் மரத்தின் பின்னாலிருந்து இரண்டாவதன் அடிமரம் எட்டிப் பார்க்கும், பிறகு மூன்றாவது, பிறகு நான்காவது. ஒவ்வொன்றுக்கும் நடுவே விரற்கடை அளவாவது வெளிச்சம் தெரியும்போது நின்றுவிடுங்கள். இதைக் கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டே, ஒரு கண்ணை மூடிச் செய்ய வேண்டும். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் வரிசை பிரிந்திருப்பதாகவே தோன்றி நம்மை ஏமாற்றும். ஸ்டுடியோவில் குழுப்படம் எடுக்கும்போது பின்வரிசையில் இருப்பவரின் முகம் முன்வரிசைத் தலைக்கு மேலே தெரிகிறதா என்று இருபத்தெட்டு ஆண்டுகள் ஒற்றைக் கண்ணால் பார்த்துப் பழகியவன் நான். மாமரமும் அந்தக் கணக்கில் ஆள்தான்.

உயரமும் இதே அளவுக்கு முக்கியம். உங்கள் தக்காளித் தோட்டம் கெட்டுப்போனது உயரத்தினால்தான். இடுப்பளவு உள்ள செடியை ஐந்தடி உயரத்திலிருந்து பார்த்தால் பக்கத்தில் இருக்கும் இரண்டு பார்களுக்கு நடுவே மட்டும் மண் தெரியும். கொஞ்சம் தள்ளிப் போனால் ஒரு பாரின் இலை, பார்களுக்கு நடுவே உள்ள பள்ளமான சால்களை மறைத்துவிடும். நீங்கள் ஏறி நிற்க வேண்டியிருந்தது. நம் ஊரில் அதற்குக் குறையே இல்லை. எந்த வயலை எடுத்தாலும் கூப்பிடு தூரத்தில் ஒரு கரடோ மொட்டைப் பாறையோ இருக்கும். அதன்மேல் ஆறேழு அடி ஏறினாலே சால்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து வருவதைப் பார்ப்பீர்கள். தலைக்கு மேல் உயர்ந்த மரங்களுக்கு இது நேர்மாறு. தோப்புக்குள் உட்கார்ந்து, கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்குங்கள். கிளைகளும் இலைகளும் மேலே போய்விடும், அடிமரங்கள் மட்டும் தூண்களாக நிற்கும்.

முதல் கல் பெரிதாகவும் மற்றவை சட்டெனச் சிறுத்தும் போனதற்கு லென்ஸைக் குறை சொல்ல வேண்டாம், அதற்குக் காரணம் தூரம். நீங்கள் லென்ஸை 18-இல் (அதிக அகலம் காட்டும் முனையில்) வைத்துக்கொண்டு முதல் கல்லுக்கு மிக அருகே போய்விட்டீர்கள். மாமரத்தை வைத்தே கணக்குச் சொல்கிறேன். முதல் மரம் 5 மீட்டரிலும் அடுத்தது 15 மீட்டரிலும் இருந்தால் இரண்டாவது மரம் முதலாவதில் மூன்றில் ஒரு பங்காகத் தெரியும். அதே முதல் மரம் படத்தில் ஏறக்குறைய அதே அளவில் இருக்கும்படி லென்ஸை 55-க்கு (தொலைவைப் பெரிதாகக் காட்டும் முனைக்கு) திருப்பிக்கொண்டு 15 மீட்டருக்குப் பின்வாங்குங்கள். இப்போது அடுத்த மரம் 25 மீட்டரில் இருக்கிறது, ஐந்தில் மூன்று பங்கு அளவுக்குத் தெரியும். மரங்கள் நெருங்கி வந்து நிற்கும், வரிசை அடர்த்தியாகும். ஓடி மறையும் கோடு வேண்டுமா, அருகருகே அடுக்கிய கோடு வேண்டுமா என்பதை முதலில் மனத்தில் தீர்மானித்துக்கொண்டு, அதற்கேற்ற தூரத்தில் நின்று, பிறகுதான் லென்ஸைத் திருப்ப வேண்டும். நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு திருப்பினால் படம் வெட்டப்படுமே தவிர வரிசை மாறாது.

நேரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். காலையிலும் மாலையிலும் என்று எல்லோரும் சொல்வார்கள், அது பாதி பதில். வரிசை எந்தத் திசையில் ஓடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். வடக்குத் தெற்காக ஓடும் பார்களுக்குக் காலை வெயில் குறுக்கே விழும். ஒரு பாரின் நிழல் சாலில் படிந்து, ஒளியும் நிழலும் மாறி மாறிக் கோடு கிழித்ததுபோல் வரும். கிழக்கு மேற்காக ஓடுபவற்றில் நிழல் வரிசையோடு சேர்ந்தே ஓடிவிடுவதால் அந்தப் பயன் குறைவு. அங்கே சூரியனுக்கு எதிரே நின்று எடுங்கள். தக்காளிக்கு மண்ணை மூடி விரிக்கும் பிளாஸ்டிக் தாளான மல்ச்சிங் ஷீட்டின் வெள்ளிப்பக்கம் அப்போது மின்னிக்கொண்டு நீளும். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தென்கிழக்கே உதித்து, உச்சியிலும் தெற்கே சாய்ந்தே இருப்பதால் நம் பகுதியில் நண்பகலிலும்கூட நிழல் கிடைக்கிறது. சித்திரை நடுவில் உச்சிப்பொழுதுக்கு நிழல் காலடிக்குள் போய்விடும், அப்போது கேமராவை உள்ளே வைத்துவிடுவது நல்லது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வரிசை என்றதும் பலர் தண்டவாளத்துக்குப் போகிறார்கள். தருமபுரி, ஓசூர் வழியாகச் செல்லும் பாதையில் இளைஞர்கள் நடுவில் உட்கார்ந்து எடுப்பதை நானே பார்த்திருக்கிறேன். அத்துமீறி இருப்புப்பாதையில் நுழைவது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி குற்றம். சட்டம் இருக்கட்டும், வளைவில் வரும் வண்டியின் ஓசை பல சமயம் கடைசி நொடிவரை கேட்பதில்லை. தண்டவாளக் கோடுகள் வேண்டுமென்றால் சாலை மேம்பாலத்தின் நடைபாதையில் நின்று எடுத்துக்கொள்ளலாம். மேலிருந்து பார்க்கும்போது குறுக்குக் கட்டைகளும் நன்றாகப் பிரிந்து தெரியும்.

பட்டு விவசாயி, பென்னாகரம் வட்டம்:

டீச்சர், ஐயா சொன்னது முழுவதும் சரி. நான் கைப்பேசியில் மட்டுமே எடுப்பவன். நீங்கள் வரிசைகளைத் தேடுகிறீர்கள் என்பதால் எங்கள் பட்டுப்புழு வளர்ப்பு மனையைப் பற்றிச் சொல்லத் தோன்றியது.

முதலில் மல்பெரித் தோட்டம். நாங்கள் ஜோடி வரிசையாக நட்டிருக்கிறோம். இரண்டு வரிசை நெருக்கமாக, பிறகு ஆள் நடக்கவும் டிராக்டர் ஓடவும் ஓர் அகலமான சந்து, மறுபடியும் இரண்டு நெருக்கமாக. குறுகல், அகலம், குறுகல், அகலம் என்று போகும் இந்த வரிசை ஒரே சீரான வரிசையைவிடப் படத்தில் நன்றாக இருப்பதை நான் கவனித்திருக்கிறேன். செடியை வெட்டி, பதினைந்து இருபது நாளில் புதுத் துளிர் முழங்கால் அளவு வந்திருக்கும்போது எடுங்கள். ஓங்கி வளர்ந்த பிறகு சந்து மூடிக்கொள்ளும்.

அடுத்தது சந்திரிகை. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: மூங்கில் தட்டியின்மேல் மூங்கில் பட்டையை நிமிர்த்தி வைத்துச் சுருள்சுருளாகச் சுற்றிக்கொண்டே போயிருப்பார்கள். முற்றிய புழுவை அதன்மேல் விட்டால் அந்தச் சுருளின் இடைவெளிக்குள் இடம் பிடித்துக் கூடு கட்டும். இப்போது அதே வேலைக்குப் பிளாஸ்டிக்கால் ஆன நெட்ரிகை வந்துவிட்டதால் மூங்கில் சந்திரிகை குறைந்துகொண்டே வருகிறது. என் தகப்பனார் காலத்தவை நான்கைந்து எங்கள் வீட்டில் இன்னும் இருக்கின்றன. கூடு நிறைந்த சந்திரிகையைச் சுவரில் சாய்த்து வைத்துப் பார்த்தால், வட்டத்துக்குள் வட்டமாக மூங்கில் கோடு, அதன் நடுவே முத்துக் கோத்ததுபோல் மஞ்சளோ வெள்ளையோ கூடுகள். சில இடங்களில் இரண்டு புழு சேர்ந்து கட்டிய இரட்டைக் கூடு பருத்து நிற்கும். சில இடம் காலியாக இருக்கும்.

அதை நேருக்கு நேராக எடுத்தபோது எனக்குப் படம் பிடிக்கவில்லை. சாளரத்து வெளிச்சம் பக்கவாட்டில் வரும்படி திருப்பி வைத்தபிறகு, ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு நிழல் கிடைத்துச் சுருள் எழும்பி வந்தது. இரவில் டியூப்லைட்டில் எடுத்தபோது படத்தின் குறுக்கே கருப்புப் பட்டைகள் ஓடின, கைப்பேசி கெட்டுவிட்டது என்றே பயந்தேன். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று என்பதால் விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்குகிறது என்றும், ஷட்டர் வேகத்தை (ஒரு படம் பதிவாகும் நேரத்தை) 1/100 அல்லது 1/50 நொடிக்கு வைத்தால் பட்டை வராது என்றும் மகன் சொன்னான். அப்படி வைத்த பிறகு சரியாகிவிட்டது.

ஒரு வேண்டுகோள். யாருடைய வளர்ப்பு மனைக்குப் போனாலும் கேட்டுவிட்டு, கை கால்களைக் கிருமிநாசினியில் கழுவிய பிறகு உள்ளே போங்கள். வெளியிலிருந்து வரும் நோய் ஒரு முழு வளர்ப்பையே அழித்துவிடும். கூடு கட்டும் சமயத்தில் பிளாஷ் வேண்டாம். ஒரு பக்கம் வெளிச்சம் அதிகமானால் புழுக்கள் இருட்டுப் பக்கமாக ஒதுங்கி நெருக்கியடிக்கும். இரட்டைக் கூடு அதிகமாகி, விற்பனையில் விலை போகாது. அறுவடைக்கு முந்தைய நாள் வந்தால் எல்லாக் கூடும் முடிந்திருக்கும், உங்களுக்கும் நிதானமாக எடுக்க முடியும்.

காவேரிப்பட்டணம் ஆசிரியை:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கே பள்ளிக்குப் பின்னால் உள்ள கல்லுக்கால் வேலிக்குப் போய்விட்டேன். ஐயா சொன்னபடி ஒரு கண்ணை மூடிக்கொண்டு அரை அடி அரை அடியாக நகர்ந்து பார்த்தேன். ஓரிடத்தில் பதினொரு கற்களும் ஒன்றையொன்று தொடாமல் பிரிந்து நின்றன. அந்த இடத்திலிருந்து ஒரு சாண் விலகினால் மூன்றாவதும் நான்காவதும் ஒட்டிக்கொண்டன. இத்தனை நாளாக ஒரு சாணில் இவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

அருகில் போனபோது இன்னொரு வரிசையும் கண்ணில் பட்டது. ஒவ்வொரு கல்லின் ஓரத்திலும் பாறையிலிருந்து பிளப்பதற்காகக் குடைந்த குழிகளின் பாதி, மேலிருந்து கீழாக ஒரு சாண் இடைவெளியில் இருக்கிறது. மற்றொரு பாதி வேறு ஏதோ கல்லின் ஓரத்தில் இருக்க வேண்டும். சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு குழியிலும் பிறைபோல் நிழல் விழுந்திருந்தது. வேலியை விட்டுவிட்டு அதையே அரை மணி நேரம் எடுத்தேன்.

இரண்டு ஐயங்கள். வேலியில் ஏழாவது கல் சாய்ந்திருக்கிறது. படத்தில் அதை விட்டுவிடுவதா, வைத்துக்கொள்வதா? வரிசையில் ஏதாவது ஒன்று மாறியிருக்க வேண்டும், அப்போதுதான் படம் நன்றாக இருக்கும் என்று ஓர் இடத்தில் படித்தேன். இரண்டாவது, கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தின் அருகே விடியற்காலையில் மூடியிருந்த கடைகளின் இரும்பு ஷட்டர்களை எடுத்தேன். தொலைவில் இருக்கும் ஷட்டர்களின்மேல் பச்சையும் ஊதாவுமாக அலையலையாக ஏதோ தெரிகிறது. நேரில் அப்படி எதுவும் இல்லை.

ஓசூர் பொறியாளர்:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். இரண்டாவது ஐயத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்குத் தெளிவான விடை இருக்கிறது. இரண்டு கொசுவலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்திருப்பீர்கள். இரண்டிலும் இல்லாத ஓர் அலைவடிவம் நடுவில் தோன்றும், வலையை லேசாக இழுத்தால் அந்த அலையும் நகரும். உங்கள் கேமராவில் ஒளியைப் பதிவுசெய்யும் சென்சாரும் ஒரு வலைதான். கோடிக்கணக்கான புள்ளிகள் அதில் வரிசையாக இருக்கின்றன. தொலைவில் உள்ள ஷட்டரின் பட்டைகள் அந்தப் புள்ளி வரிசையின் நெருக்கத்துக்கு ஏறக்குறைய வந்துவிடும்போது இரண்டு வலைகளும் மோதி அலை பிறக்கிறது. புள்ளிகளின்மேல் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் மாறி மாறி இருப்பதால் அந்த அலைக்கு நிறமும் சேர்ந்துவிடுகிறது. இதை மொய்ரே என்பார்கள்.

படத்தை நூறு சதவீத அளவில் திறந்து பாருங்கள். அப்போது அலை மறைந்தால் குறை திரையில்தான் இருக்கிறது, படம் நன்றாகவே உள்ளது. அப்போதும் இருந்தால் அடுத்த முறை இரண்டடி முன்னால் போய் அல்லது பின்னால் வந்து, அல்லது கோணத்தைச் சற்றுத் திருப்பி மேலும் இரண்டு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் இல்லாவிட்டால் மற்றொன்றில் அலை இருக்காது. கோடு போட்ட சட்டை, நெருக்கமான கட்டம் போட்ட சேலை, ஜன்னல் கொசுவலை ஆகியவற்றிலும் இதே தொல்லை வரும்.

ஐயா சொல்லாமல் விட்ட ஒன்றைச் சேர்க்கிறேன். நீண்ட வரிசையில் முதல் பொருளிலிருந்து கடைசிவரை தெளிவாக இருக்க வேண்டுமென்றால் எங்கே ஃபோகஸ் செய்கிறோம் என்பது முக்கியம். உங்களுடையதுபோன்ற சிறிய சென்சார் கேமராவில் 18 மி.மீ., எஃப்/8 (லென்ஸ் துவாரத்தின் அளவு; எண் கூடினால் துவாரம் சிறிதாகும்) என்று வைத்து, சுமார் 2 மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்தால் 1 மீட்டரிலிருந்து அடிவானம்வரை தெளிவாக வந்துவிடும். 55 மி.மீ.க்குத் திருப்பினால் கதை மாறிவிடுகிறது. அதே எஃப்/8-இல் சுமார் 19 மீட்டரில் ஃபோகஸ் செய்ய வேண்டும், அப்போதும் 9 அல்லது 10 மீட்டருக்கு அப்பால் உள்ளவைதான் தெளிவாக இருக்கும். ஆகவே ஐயா சொன்ன 15 மீட்டர் தூரத்து மாமரம் தப்பிவிடும், நீங்கள் 5 மீட்டரில் நின்றிருந்தால் முதல் மரம் மங்கிவிடும். தெளிவு வேண்டுமென்று எஃப்/22-க்குப் போக வேண்டாம். துவாரம் மிகச் சிறிதானால் ஒளி விலகிப் பரவி, படம் முழுவதுமே மென்மையாகிவிடும். எஃப்/11-உடன் நிறுத்திக்கொள்வது நல்லது.

சாய்ந்த கல்லைப் பற்றி என் கருத்து: வரிசையில் ஒன்று மாறியிருக்க வேண்டும் என்பது கட்டாயம் இல்லை. அதை விதியாக எடுத்துக்கொண்டு, சீரான வரிசையின் நடுவில் ஒரு சிவப்புத் துணியைக் கொண்டுபோய் வைத்துவிட்டுப் படம் எடுக்கிறவர்களைப் பார்க்கிறேன். அப்படிப்பட்ட படத்தில் துணி மட்டுமே தெரிகிறது. வரிசைக்குத் தன்னளவில் ஓர் அழுத்தம் உண்டு. படத்தின் நான்கு ஓரத்தையும் தாண்டி அது போய்க்கொண்டே இருப்பதாக வெட்டினால் அந்த அழுத்தம் கூடும். ஆகவே வேலியின் தொடக்கமும் முடிவும் தெரியாமல் இரண்டு பக்கமும் கல்லின் நடுவிலேயே வெட்டிப் பாருங்கள்.

இயற்கையில் சிறிய வரிசைகள் என்று கேட்டிருந்தீர்கள். புளிய இலையிலிருந்து தொடங்கலாம். ஒரு காம்பில் பத்துக்கு மேற்பட்ட இணைச் சிற்றிலைகள் எதிரெதிரே இருக்கும். இரவில் அவை மடங்கிக்கொள்வதால் வெயில் ஏறிய பிறகு போங்கள். ஒளி இலைக்குப் பின்னாலிருந்து வரட்டும். அதியமான் ஔவைக்குக் கொடுத்ததாகச் சொல்லும் நெல்லியும் இப்படியே இறகுபோன்ற இலையடுக்கு உடையதுதான், தகடூர் (பழைய தருமபுரி) மண்ணில் இருந்துகொண்டு அதை விடலாமா? மழைக்குப் பிறகு வரும் மரவட்டையின் வளையங்கள், வாழையிலையின் நடுநரம்பிலிருந்து ஓரம்வரை ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் நரம்புகள் ஆகியவற்றுக்கும் உங்கள் லென்ஸே போதும். 55-இல் வைத்து, அந்த லென்ஸ் அனுமதிக்கும் மிக அருகாமைக்குப் போய், கேமராவின் முகம் இலைக்கு இணையாக இருக்கும்படி பிடியுங்கள். கொஞ்சம் சாய்ந்தாலும் ஒரு பக்கம் மங்கிவிடும்.

பழைய ஸ்டுடியோக்காரர், பாலக்கோடு:

பொறியாளர் தம்பி ஃபோகஸ் தூரத்தைக் கணக்கோடு சொன்னது நல்லதாயிற்று. நான் எல்லாவற்றையும் பழக்கத்தில் செய்துவிடுவதால் அதை எழுத்தில் சொல்ல விட்டுப்போயிற்று.

சாய்ந்த கல்லைப் பற்றி அவரிடமிருந்து சிறிது மாறுபடுகிறேன். நாமாகக் கொண்டுபோய் வைக்கும் மாற்றம் வேண்டாம் என்பதில் அவரோடு முழுமையாக ஒத்துப்போகிறேன். ஆனால் ஏழாவது கல் தானாகச் சாய்ந்தது. அந்த வேலிக்கு அடியில் மண் இளகியதோ, மாடு உரசியதோ, கனமான கம்பி இழுத்ததோ, அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பட்டு விவசாயி சொன்ன இரட்டைக் கூடும் காலி இடமும் அப்படிப்பட்டவைதான். புழு தானே தேர்ந்துகொண்ட இடம் அது. இப்படி வரிசைக்குள்ளிருந்தே வரும் மாற்றத்தை வைத்துக்கொள்ளலாம், ஆனால் படத்தின் நடுவில் நிறுத்த வேண்டாம். பார்ப்பவர் நான்கைந்து கற்களை எண்ணிப் பழகி, அடுத்ததும் அப்படித்தான் இருக்கும் என்று கண் எதிர்பார்க்கத் தொடங்கிய பிறகு அது வர வேண்டும். ஆறு நேர்க்கற்களுக்குப் பிறகு ஏழாவது சாய்ந்திருப்பது அதற்குப் பொருத்தமாகவே அமைந்திருக்கிறது. எந்தப் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்பதையும் பாருங்கள். பக்கத்துக் கல்லை நோக்கிச் சாய்ந்திருந்தால் இரண்டும் ஒட்டாமல் இருக்க, நீங்கள் நின்ற இடத்திலிருந்து மேலும் ஓரடி விலக வேண்டியிருக்கும்.

கேமரா மட்டமாக இருப்பது இங்கே மிகவும் தேவை. கேமராவே சாய்ந்திருந்தால் பதினொரு கல்லும் சாய்ந்துவிடும், ஏழாவது தொலைந்துபோகும். திரையில் கட்டக்கோடுகளைப் போட்டுக்கொண்டு, முதல் கல்லின் ஓரத்தை அந்தக் கோட்டோடு பொருத்திப் பாருங்கள். 18-இல் எடுத்தால் ஓரத்தில் இருக்கும் கல் வெளிப்பக்கமாகக் கொஞ்சம் வளைந்து தெரியும். அது அந்த லென்ஸின் இயல்பு. 30-க்கு மேல் திருப்பிக்கொண்டு பின்வாங்கினால் பெருமளவு நீங்கிவிடும்.

அந்தக் குழிகளின் படத்தை இங்கே இணையுங்கள் அம்மா, அதைப் பார்க்க ஆவலாக இருக்கிறேன். கல்லுடைப்பவர் ஒரே அளவு இடைவெளியில் குழிகளைக் குடைந்து, ஆப்புகளை இறக்கி, முதலிலிருந்து கடைசிவரை மாற்றி மாற்றி அடித்துக்கொண்டே போவார். எல்லா ஆப்பும் ஒன்றுபோல் இறுகினால்தான் கல் கோணாமல் பிளக்கும். இடைவெளி சீராக இருப்பதற்கு அதுவே காரணம். அடுத்த முறை போகும்போது ஒரு கல்லின் குழிவரிசையை முன்னால் பெரிதாக வைத்து, வேலியின் மற்றக் கற்கள் பின்னால் ஓடும்படி 18-இல், முழங்கால் உயரத்திலிருந்து எடுத்துப் பாருங்கள். காலை ஏழு மணிக்குள் போனால் குழியில் நிழல் இருக்கும். தோட்டக்காரர் அந்தச் சாய்ந்த கல்லை நிமிர்த்தி நடுவதற்குள் போய்விடுங்கள்.